அரிச்சா அது இல்ல

மருமகள் உத்திரமேரூர் சந்தையிலிருந்து ஒரு பேன் சீப்பு வாங்கி வந்திருக்கிறாள். பேத்தியின் தலையில் பேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடமிருந்து வந்ததாம். காலையிலிருந்து அந்தச் சீப்பு என் மேசைமேல், கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மரச் சீப்பு. இரண்டு பக்கமும் நெருக்கமான, கூர்மையான பற்கள். எடுத்துப் போய் அவளிடம் கொடுத்தால் முடிந்தது. நான் தொடவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

பேன் சீப்பைப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தலைமுடி நினைவுக்கு வரும். எனக்கு உன் இடது கால்தான் நினைவுக்கு வருகிறது.

முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின்மேல் அது இருந்தது. நமக்கு இருபது வயது இருக்கும்போது சின்னச் சின்ன ஊதாப் பருக்களாக வந்தது. சேற்றுப் புண் என்றாய். அறுப்பில் வைக்கோல் தாள் கிழித்தது என்றாய். புங்க எண்ணெய், குப்பைமேனி, கந்தகக் களிம்பு எல்லாம் போட்டாய். பருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, தடித்து, உனக்குக் கல்யாணமாகி மல்லிகா பிறந்தபோது புளியமரப் பட்டை மாதிரி ஆகிவிட்டது. அரிப்பு மட்டும் விடவில்லை. ஏரிக்கரையில் பேசிக்கொண்டு நடக்கும்போது பாதி வார்த்தையில் நின்று, கரையில் கிடக்கும் ஓட்டுச்சில்லை எடுத்து வறட்டு வறட்டென்று தேய்ப்பாய். உன் முகத்தில் அப்போது வரும் சுகத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

ஊரில் யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. ஒரு நாள் ஏகாம்பரம் தன் டீக்கடையில் உனக்கு டம்ளருக்குப் பதில் கொட்டாங்கச்சியில் ஊற்றினான். அவ்வளவுதான். கூலி ஆட்கள் கடைக்குப் பின்னால் நின்று எப்போதும் குடிக்கிற அதே கொட்டாங்கச்சி. நீ அதைக் கையில் வாங்கி, அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு குடித்தாய். குடிக்காமல் கீழே வைத்திருந்தால் ஏன் என்று யாராவது கேட்பார்கள், அப்போது அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவேண்டி வந்துவிடும் என்று என்னிடம் பிறகு சொன்னாய். பெருவியாதி என்ற வார்த்தை. தொழுநோய்க்கு நம் ஊரில் அதுதான் பெயர்.

நான் அப்போது நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மல்லிகா என் வகுப்பு. பிள்ளைகள் தரையில் நீளப் பலகைமேல் வரிசையாக உட்காருவார்கள். முதலில் அவளுக்கும் பக்கத்துப் பெண்ணுக்கும் நடுவில் ஒரு கையளவு இடைவெளி வந்தது. அப்புறம் ஒரு ஆள் உட்காருமளவு. அப்புறம் அவள் பலகையின் ஓரத்துக்கே போய்விட்டாள். நான் அவளை நடுவில் உட்கார வைத்தேன். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் மூன்று அம்மாக்கள்.

“வாத்தியாரே, ஒங்க பொண்ணா இருந்தா அங்க ஒக்கார வெப்பீங்களா?”

“எனக்குக் கல்யாணமே ஆகலையேம்மா.”

“ஆவட்டும். ஆயி, பொண்ணு பொறந்து, அப்பறம் வந்து எங்களுக்கு நியாயம் சொல்லுங்க.”

மூவரும் சிரித்தார்கள். மூவர் பிள்ளைகளும் அன்று பள்ளிக்கு வரவில்லை. மறுநாள் மல்லிகா தானாகவே போய் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஏழு வயது.

அதை உன்னிடம் சொன்ன பிறகுதான் நீ டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டாய். உத்திரமேரூரில் வாரத்துக்கு ஒரு நாள் பெருவியாதி டாக்டர் வருவார். ஒரு மரத்தடியில் மேசை போட்டு, வரிசையாக நிற்க வைத்துப் பார்ப்பார். சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே வரிசையில் நிற்பவர்கள் யார் யார் என்று தெரியும். நீ தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு போனாய். என்னைக் கூட வரவிடவில்லை.

“நீ இங்கயே சைக்கிள வெச்சிக்கினு நில்லு. நீ பள்ளிக்கூடத்துல கீறவன். எவனாவது பாத்தா ஒனக்கும் பேஜாரு.”

திரும்பி வரும்போது துண்டு உன் இடுப்பில் இருந்தது. தூரத்திலிருந்தே கையை ஆட்டினாய்.

“ஊசியால குத்துனாருடா. யம்மான்னு கத்துனேன். கோயி எறகால தடவுனாரு. கூச்சமா இருந்துச்சு, சிரிச்சிட்டேன். அப்பறம் ‘அரிக்குதா’ன்னாரு. ‘உயிரு போவுதுங்க’ன்னேன். ‘அப்ப இது பெருவியாதி இல்ல, அது அரிக்காது, மரத்துப் போவும். இது வேற தோல் நோவு’ன்னாரு. கேட்டியா? அரிச்சா அது இல்லயாம்டா!”

சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து ஊர் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். வீட்டுக்குப் போகவில்லை, நேராக டீக்கடை. உன் மனைவி பச்சையம்மாவின் பேன் சீப்பை அதுவரை மடியில் ஒளித்து வைத்திருந்தாய் என்று அன்றுதான் எனக்கே தெரியும். காலைத் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்து, எல்லோரும் பார்க்கச் சொறிந்தாய்.

“ஏகாம்பரம், நல்லா பாத்துக்கோ. அரிக்குது. அரிச்சா அது இல்ல. டாக்டரே சொல்லிட்டாரு. எடு டம்ளர.”

“ஒடம்பு அரிக்குதுன்னு பெருமையா சொல்லிக்கினு வர்ற மொதல் ஆளு நீதான்யா,” என்றான் ஏகாம்பரம். கடையே சிரித்தது. அவன் டம்ளரைக் கழுவினான், ஊற்றினான். கடைக்குப் பின்னால் கூலி ஆட்கள் அன்றும் கொட்டாங்கச்சியில்தான் குடித்தார்கள். அந்தப் பக்கம் நீயும் திரும்பவில்லை.

அன்றிலிருந்து, மற்றவர்கள் வணக்கம் சொல்வதுபோல் நீ சொறிந்தாய். யாருடைய கண்ணாவது உன் கால்பக்கம் போனால் மடியிலிருந்து சீப்பு வந்துவிடும். பெருநகர் போகும் பஸ்ஸில், கோயில் வாசலில், பள்ளிக்கூடத் திண்ணையோரம் மல்லிகாவுக்காகக் காத்திருக்கும்போது. ரத்தம் பொட்டுப் பொட்டாக வரும். “போதுண்டா” என்பேன். “இருடா, அந்தம்மா பாத்துக்கினு கீது” என்பாய். அந்த அம்மா, வாசலுக்கு வந்த மூவரில் ஒருத்தி. பத்து நாளில் அவள் பெண்ணே மல்லிகாவின் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. மல்லிகா பலகையின் நடுவுக்கு வந்துவிட்டாள். உனக்கு அதற்குமேல் இந்த உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவளை யாரும் அந்த இடத்திலிருந்து எழுப்பிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் போயிற்று. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு உனக்கும் காப்பு கட்டச் சம்மதித்தார்கள். அதற்குமுன் ஒவ்வொரு வருஷமும் தர்மகர்த்தா உன்னைப் பார்க்காததுபோலத் தாண்டிப் போவார். காப்பு கட்டியவன் விரதத்தோடு கோயிலிலேயே கிடக்கவேண்டும், வீட்டுக்குப் போகக்கூடாது, மனைவியை நெருங்கக்கூடாது. அந்த விரதம் சுத்தமாக இருந்தால் தீ சுடாது. சுட்டால் விரதம் கெட்டது என்று அர்த்தம். இது நம் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நீ மஞ்சள் வேட்டியோடு, காலில் மஞ்சளை அப்பிக்கொண்டு, கையில் வேப்பிலையோடு தீக்குழியில் இறங்கியதை நான் பார்த்தேன். ஓடவில்லை. நிதானமாக நடந்து வந்து பால்குழியில் நின்றாய். மறுநாள் வயல்வரப்பில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்காலையும் எனக்குத் தூக்கிக் காட்டினாய். “பாரு. ஒரு கொப்புளம்?” ஒன்றுகூட இல்லை. ஆனால் முன்காலில் மஞ்சள் பற்று அப்படியே தடிமனாக இருந்தது. அம்மன் மஞ்சள், கழுவக்கூடாது என்றாய்.

ஒரு மாதமாகியும் அந்த மஞ்சள் போகவில்லை. தினமும் புதிதாக வந்தது. அதன்மேல் ஒரு துணிக்கட்டும் வந்தது. கட்டைச் சுற்றி ஈ மொய்த்தது. மழை நாளில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஏகாம்பரம் மூக்கைச் சுளித்தான்.

“இன்னாய்யா வாசன? எலி கிலி செத்துக் கெடக்குதா?”

பெஞ்சில் இருந்த ஒருவர் உன் கட்டைப் பார்த்தார். “தீ சுட்டுடுச்சு போலகீதே இவன.”

நீ ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சீப்பை எடுத்து, கட்டுக்குப் பக்கத்தில் மெதுவாகச் சொறிந்தாய்.

மறுநாளே பேச்சு கிணற்றடிக்குப் போய்விட்டது. நான் பள்ளிக்குப் போகும் வழி அதுதான். பச்சையம்மா குடத்தோடு நின்றிருந்தாள். பக்கத்தில் மல்லிகா, புத்தகப் பையோடு. தண்ணீர் இறைக்க வந்த பெண்கள் பச்சையம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

“காப்பு கட்டுன ஆம்பளய வுட்டு வெக்கக் கூடாதாடி? அவ்ளோ அவசரமா ஒனக்கு?”

“கோயில் பின்பக்கம் போனியா, இல்ல ஆத்தங்கரைக்கு இட்டுக்கினு போனியா? சொல்லு, நாங்களும் தெரிஞ்சிக்கிறோம்.”

“பாவம், புருசன் கால வேக வெச்சிட்டா.”

பச்சையம்மாவின் குடம் பாதிதான் நிறைந்திருந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். மல்லிகா அவள் பின்னால் போகாமல் அங்கேயே நின்றாள். அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று இத்தனை வருஷத்தில் எனக்கு எழுத வரவில்லை. பள்ளிக்கு வந்து, நடுவில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். யாரும் நகரவில்லை. தெய்வக் குற்றம் ஒட்டிக்கொள்வதில்லை அல்லவா? ஏகாம்பரமும் டம்ளரை மாற்றவில்லை. திட்டிக்கொண்டே அதே டம்ளரில் ஊற்றினான்.

அடுத்த அறுப்பின்போது நீ களத்துமேட்டில் விழுந்தாய். தூக்கியபோது தொடையிடுக்கில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. உன்னைப் பஸ் ஏற்றி, காஞ்சிபுரம் போய், அங்கே பார்த்துவிட்டுக் கையை விரிக்க, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காலில் இருந்த துணிக்கட்டைப் பிரித்தார்கள். பட்டை மாதிரி இருந்த இடத்தின் நடுவில், காலிஃபிளவர் பூ மாதிரி ஒன்று, ஓரமெல்லாம் தடித்துச் சுருண்டு.

டாக்டர் சின்ன வயதுக்காரர். பொறுமையாகச் சொன்னார். இது தோலில் வந்த புற்றுநோய். பழைய நோய் கெட்டதல்ல. ஆனால் ஒரே இடம் வருஷக் கணக்காக வீங்கி, புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணானால் எங்கேயோ சிலருக்கு இப்படித் திரும்பிவிடும். எனக்குக் காப்பி நோட்டு ஞாபகம் வந்தது. மேலே வாத்தியார் எழுதிய அழகான ‘அ’ இருக்கும். பிள்ளை முதல் வரியை அதைப் பார்த்து எழுதுவான். இரண்டாம் வரியைத் தன் முதல் வரியைப் பார்த்து எழுதுவான். மூன்றாவதை இரண்டாவதைப் பார்த்து. பக்கத்தின் அடிக்கு வரும்போது அது ‘அ’ இல்லை, வேறு ஏதோ. உன் தோலும் அடி வரிக்கு வந்துவிட்டது.

காலை எடுக்கவேண்டும் என்றார். கட்டி மேலே ஏறிவிட்டதால் எடுத்தாலும் உறுதியில்லை என்றார். நீ அதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாய்.

“இது ஒட்டுமாங்க?”

“ஒட்டாது.”

“அத்த எங்க ஊருக்கு வந்து ஒரு வாட்டி சொல்றீங்களா?”

அவர் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நீ விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

காலை எடுப்பதற்கு முந்திய நாள் மத்தியானம், வார்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு அயர்ந்திருந்தார்கள். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

“அந்த மரத்தடி டாக்டரு இன்னொண்ணும் சொன்னாருடா.”

“எந்த டாக்டரு?”

“பெருவியாதி டாக்டரு. அரிச்சா அது இல்லன்னாரு இல்ல? அதோட நிறுத்தல. ‘சொறியாத, சொறிய சொறிய தடிக்கும். எங்கனா ஒரு எடத்துல புண்ணு ஆறாம நின்னுதுன்னா, இல்ல அரிப்பு வுட்டுப்போயி கெட்டியாச்சின்னா, ஒடனே வந்து காட்டு’ன்னாரு. நாந்தான் மொதல் பாதிய மட்டும் எடுத்துக்கினு வந்தேன்.”

போர்வைமேல் காலைத் தடவிக்கொண்டாய்.

“தீ சுடலடா என்ன. தீமிதிக்கு முன்ன வந்த பொங்கலுக்கே அங்க அரிப்பு நின்னுடுச்சு. ஒரு கொட்டப்பாக்கு மாதிரி கெட்டியாச்சு. அப்பறம் வாய் தொறந்துச்சு.”

“பொங்கலுக்கா? அதுக்கப்புறமும் நீ தினமும் சொறிஞ்சியே.”

“பின்ன? அரிப்பு நின்னுடுச்சுன்னு தெரிஞ்சா அதுதான்னு ஆயிடும் இல்ல? அந்த வரிசையில மறுக்கா போயி நின்னா, பஸ்ஸுல போறவன் ஒருத்தன் பாத்தா போதும். சாயந்தரமே மல்லிகாவ ஓரத்துக்குத் தள்ளிடுவானுங்க.”

எத்தனை முறை அந்தச் சீப்பு வந்தது, எத்தனை முறை நீ கண்ணை மூடிச் சுகப்படுவதுபோல் முகத்தைக் காட்டினாய் என்று யோசித்தேன். என்னிடமும் அப்படித்தான் காட்டினாய்.

“பச்சையம்மாவுக்குத் தெரியுமா?”

“அவளுக்குத் தெரியாம? அவதான தெனமும் மஞ்ச அரைச்சிக் கட்டுறா.”

“தெரிஞ்சுமா கிணத்தடியில அத்தனையும் கேட்டுக்கினு நின்னா?”

நீ கூரையைப் பார்த்தபடி சொன்னாய். “அவ சொன்னதுதான் அது. ‘என்னப் பத்தி சொன்னா என்னோட போவும். அத்தச் சொன்னா நம்ம பொண்ணுக்கு ஒட்டிக்கும். சொல்லட்டும் வுடு’ன்னா.”

கால் போயிற்று. வீட்டுக்கு வந்தாய். கட்டி நிற்கவில்லை, கடைசி வாரங்களில் உன் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அடுத்த தீமிதிக்குக் காப்பு கட்டுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. உன்னைத் தூக்கத் தோள் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். பெருவியாதி என்றிருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். பாடையைத் தூக்கும்போது ஏகாம்பரம் சொன்னான், “ஒத்தக் காலுதான, பாரம் கம்மி.” இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். அவன் கெட்டவன் இல்லை. சுடுகாடு வரைக்கும் அவன்தான் தோள் மாற்றாமல் வந்தான்.

பச்சையம்மா என்னிடம் ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினாள். “வாத்தியாரே, நான் இருக்கற வரிக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது.” அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இருந்தாள். நாற்று நட்டாள், களை எடுத்தாள், மல்லிகாவைப் படிக்க வைத்தாள், வாலாஜாபாத் பக்கம் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தாள். தெருவில் புதிதாக வந்த மருமகள்களுக்கும் அவள் கதை சொல்லப்பட்டது. தீமிதி வந்தால் விரதத்துக்கு எடுத்துக்காட்டாக அவள் பெயர் வரும். மல்லிகாவுக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, எதற்கோ அம்மா கண்டித்ததற்கு, “நீ ஒயுங்கா இருந்திருந்தா எங்கப்பாவுக்குக் கால் இருந்திருக்கும்” என்று தெருவில் நின்று கத்தினாள். பச்சையம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மல்லிகா அம்மா வீட்டில் ஒரு நாள் முழுசாகத் தங்கியது கிடையாது. பச்சையம்மா இந்த ஆடியில் போனாள். மகள் வந்தாள், கொள்ளிக்கு நின்றாள், அழவில்லை.

சென்ற ஞாயிறு வீட்டைப் பூட்ட வந்தவள் என்னைப் பார்க்கவும் வந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. வாக்குக் கொடுத்த ஆள் போய்விட்டாள், இனி சொல்லலாம் என்று நினைத்தேன். மரத்தடி டாக்டர், அவர் சொன்ன முதல் பாதி, இரண்டாம் பாதி, பொங்கலுக்கு நின்ற அரிப்பு, வார்டில் நீ சொன்னது எல்லாவற்றையும், பாடம் நடத்துவதுபோல், ஒன்றும் விடாமல் சொன்னேன். காப்பி நோட்டைக்கூடச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். என் வகுப்பில் எப்போதும் அப்படித்தான் கேட்பாள்.

முடித்ததும் கேட்டாள், “எங்கம்மா சாவறதுக்கு முன்ன இப்பிடிச் சொல்லச் சொல்லிட்டுப் போனாளா வாத்தியாரே?”

“இல்லம்மா. உங்கப்பா தன் வாயால சொன்னது.”

“அரிப்பு பொங்கலுக்கே நின்னுடுச்சுன்னா?”

“ஆமாம்.”

“நான் அவரு பக்கத்துலதான் படுத்துக்கினு இருப்பேன். வூட்டுல விளக்கு அணைக்கற வரிக்கும் சொறிவாரு. என் கையில சீப்பக் குடுத்து, நீ சொறிடா கண்ணு, எதமா கீதுன்னுவாரு. நான் சொறிஞ்சா கண்ண மூடிக்குவாரு.” எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். “அரிக்காத எடத்த எவனாவது சொறியச் சொல்லுவானா? எங்கம்மாவக் காப்பாத்தணும்னு நீங்க நெனைக்கறீங்க. நல்ல மனசு ஒங்களுக்கு.”

நான் வாசல் வரைக்கும் போனேன். நீ ஊருக்காக நடித்தாய் என்று நினைத்திருந்தேன். அவளுக்காகவும் நடித்திருக்கிறாய். அதுவும் எவ்வளவு நன்றாக. தன் கையால் சொறிந்துவிட்ட பெண்ணிடம், அது பொய் என்று வேறு யார் சொல்லி நம்பவைக்க முடியும்? அவளை நடு இடத்தில் உட்கார வைத்தாய், இன்றுவரை யாராலும் எழுப்ப முடியவில்லை. பச்சையம்மாவுக்கு அந்தப் பலகையில் ஓரத்தில்கூட இடமில்லாமல் போய்விட்டது. டாக்டர் சொன்னதில் நீ விட்டுவிட்டு வந்த பாதி என்னிடமே இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேத்தி உள்ளே வந்து மேசையிலிருந்து சீப்பை எடுத்தாள். “தாத்தா, தல ரொம்ப அரிக்குது” என்றாள்.

அரிக்குது என்று யார் சொன்னாலும், எனக்கு இன்றைக்கும் முதலில் ஒரு நிம்மதிதான் வருகிறது. உத்திரமேரூர்ச் சாலையில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தூரத்திலிருந்தே கையை ஆட்டியபடி நீ வருகிறாய்.